720, 120, 60: எப்போது வகுப்பது, எதால் வகுப்பது?

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பிளஸ் ஒன் படிக்கும் உங்கள் மகளின் நோட்டில் மூன்று கணக்குகள். ஆறு பேரை வரிசையில் நிறுத்தினால் 720 விதம். அதே ஆறு பேரை வட்ட மேசையைச் சுற்றி உட்காரவைத்தால் 120. ஆறு வெவ்வேறு நிற மணிகளை மாலையாகக் கோத்தால் 60. “எல்லாவற்றிலும் ஆறுதானே இருக்கிறது, விடை மட்டும் ஏன் இறங்கிக்கொண்டே போகிறது? எதில் எதால் வகுக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்யாமல் தெரிந்துகொள்ள வழி உண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள். பார்த்தால் சூத்திரம் பற்றிய கேள்வி மாதிரி இருக்கிறது. உள்ளே இருப்பது வேறு. இரண்டு அடுக்குகளை எப்போது ‘ஒன்றே’ என்று சொல்லலாம், அதை முடிவு செய்வது கணிதமா, கேள்வி எழுதியவரா? அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன். பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணிதம் நடத்திவிட்டு, இப்போது மயிலாப்பூரில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். நான் பார்த்தவரை, சேர்ப்பியல் (எத்தனை விதம் என்று எண்ணும்) பாடத்தில் பெருக்கலில் சறுக்கும் பிள்ளைகள் குறைவு. சறுக்குவது வகுத்தலில்.

பெருக்கலை முதலில் முடித்துவிடுவோம், அதில் சர்ச்சை இல்லை. வரிசையின் முதல் இடத்துக்கு ஆறு பேரில் யாரும் வரலாம். அவர் நின்றபின் அடுத்த இடத்துக்கு ஐந்து பேர் மிச்சம், அதற்கடுத்து நான்கு. 6×5×4×3×2×1 = 720. இதே வேலையை உங்கள் மகள் தமிழ் வகுப்பில் ஏற்கெனவே செய்திருப்பாள், கணக்கு என்று யாரும் சொல்லாததால் கவனித்திருக்க மாட்டாள். அசை இரண்டு வகை, நேர், நிரை. ஈரசைச்சீர் 2×2 = 4: தேமா, புளிமா, கூவிளம், கருவிளம். மூன்றாவதாக நேர் வந்தால் காய், நிரை வந்தால் கனி, ஆக மூவசைச்சீர் 4×2 = 8. நாலசைச்சீருக்கு அந்த நான்கோடு தண்பூ, நறும்பூ, தண்ணிழல், நறுநிழல் என்ற நான்கைச் சேர்க்கிறோம், 4×4 = 16. யாப்பிலக்கணம் பட்டியலாகத் தருகிற வாய்பாட்டின் எண்ணிக்கை முழுவதும் பெருக்கல் விதிதான். ஒரே வித்தியாசம், நேரசையை ஒரு முறை வைத்துவிட்டால் அது தீர்ந்துபோவதில்லை, மறுபடி வைக்கலாம். அதனால் 2, 2, 2 என்று பெருக்குகிறோம். வரிசையில் நின்ற மனிதர் மறுபடி நிற்க முடியாது, அதனால் 6, 5, 4 என்று இறங்குகிறோம். சென்னை வண்டி எண்களின் கடைசி நான்கு இலக்கமும் சீர் மாதிரிதான், ஒரே இலக்கம் திரும்ப வரலாம். 10×10×10×10 = 10,000, அதில் 0000 கொடுப்பதில்லை என்பதால் ஒரு வரிசைக்கு 9,999.

இந்தப் பெருக்கல் எவ்வளவு வேகமாக வீங்கும் என்பதையும் அவளிடம் சொல்லிவையுங்கள். பத்துப் பேரை நிறுத்தும் விதங்கள் 36,28,800. விநாடிக்கு ஒரு வரிசை என்று இரவு பகலாக நிற்கவைத்துப் பார்த்தால் சரியாக 42 நாள் ஆகும், ஒரு விநாடி கூடாது, குறையாது. எழுதிப் பார்த்து எண்ண முடியாத நிலை இவ்வளவு சீக்கிரம் வந்துவிடுவதால்தான் ‘ஒன்றையே எத்தனை முறை எண்ணிவிட்டோம்’ என்று யோசித்துக் கழிக்கும் வழி தேவைப்படுகிறது.

இப்போது வட்ட மேசை. தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, அண்ணன், தங்கை ஆறு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோரும் எழுந்து ஆளுக்கு ஒரு நாற்காலி வலப்பக்கம் நகர்கிறார்கள். பாட்டிக்கு இடப்பக்கம் யார், வலப்பக்கம் யார் என்பதில் மாற்றம் உண்டா? இல்லை. வட்ட மேசைக் கணக்கில் ‘யார் பக்கத்தில் யார்’ என்பதை மட்டுமே பார்ப்பது என்று வைத்துக்கொள்கிறோம். அப்படியானால் இப்படி நகர்ந்து நகர்ந்து கிடைக்கும் ஆறு நிலைகளும் ஒரே அமர்வு. 720 என்று எண்ணியபோது ஒவ்வொரு அமர்வையும் ஆறு முறை எழுதிவிட்டோம். 720/6 = 120. தாத்தாவை ஓரிடத்தில் உட்காரவைத்துவிட்டு மற்ற ஐவரை 5×4×3×2×1 விதமாக அமர்த்தினாலும் அதே 120 வரும். பாடப்புத்தகச் சூத்திரத்தில் ஆறுக்குப் பதில் ஐந்திலிருந்து பெருக்குவது, அதாவது ஒன்று குறைவது, தாத்தா நகராததால்தான்.

இங்கே உங்கள் மகள் ஒரு குறுக்குக் கேள்வி கேட்கலாம், கேட்டால் பாராட்டுங்கள். ஃபேன் ஒரு நாற்காலிக்கு நேர் மேலே இருந்தால்? சென்னை மே மாதத்தில் அந்த நாற்காலியும் மற்ற நாற்காலியும் ஒன்று என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நாற்காலிகளுக்கு அடையாளம் வந்துவிட்டால் நகர்ந்து உட்கார்வது வேறு அமர்வு, விடை மறுபடி 720. மேசை வட்டமாக இருப்பதால் மட்டும் வகுத்தல் வந்துவிடாது. நாற்காலிகளுக்குள் வேறுபாடு இல்லை என்று கேள்வி சொல்லும்போதுதான் வருகிறது.

மாலை இன்னும் தெளிவாகக் காட்டும். மணிகளை வட்டமாகக் கோத்தால் சுழற்றலாம், அதோடு திருப்பியும் போடலாம். கழுத்தில் முன்பின்னாக மாற்றிப் போட்டால் வலஞ்சுழியாக வந்த வரிசை இடஞ்சுழியாக வரும், ஆனால் மாலை அதே மாலை. மேசையில் உட்கார்ந்தவர்களை இப்படித் தலைகீழாகக் கவிழ்க்க முடியாது, அதனால் அங்கே 120இல் நின்றோம். இங்கே ஒவ்வொரு மாலையையும் ஆறு சுழற்சி, இரண்டு பக்கம் என 12 முறை எண்ணியிருக்கிறோம், 720/12 = 60. இப்போது அதே மாலையில் இருபுறமும் ஒன்றுபோல் இருக்கிற லாக்கெட் ஒன்றைக் கோத்துவிடுங்கள். லாக்கெட் எங்கே இருக்கிறது என்று தெரிவதால் சுழற்றுவதற்கு அர்த்தம் இல்லை, திருப்புவது மட்டும் மிச்சம், 720/2 = 360. லாக்கெட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் பிள்ளையார் இருந்து, அவர் எப்போதும் வெளியே பார்க்க வேண்டும் என்றால் திருப்பவும் முடியாது, 720. அதே ஆறு மணிதான். எவற்றை ஒன்று என்று கொள்கிறோம் என்பதைப் பொறுத்து 720, 360, 120, 60 நான்கும் சரியான விடைகள்.

ஒரே எழுத்து திரும்ப வரும் சொற்களிலும் இதே கதை. ‘தாத்தா’ என்பதில் மூன்று எழுத்து, தா, த், தா. இரண்டு தா-வுக்கும் சிவப்பு, நீலம் என்று வண்ணம் பூசினால் ஆறு அடுக்குகள். வண்ணத்தை அழித்தால் இரண்டிரண்டாகச் சேர்ந்து மூன்றாகிவிடும்: தாத்தா, தாதாத், த்தாதா. ‘சலசலப்பு’ ஆறு எழுத்து, ச இரண்டு, ல இரண்டு, ஆக 720/(2×2) = 180. மெய்யெழுத்து சொல்லின் முதலில் வராது என்று தமிழாசிரியர் ஆட்சேபித்தால் ப்-இல் தொடங்கும் 30ஐக் கழித்து 150 என்று சொல்லுங்கள். கணக்குப் பாடத்தில் பொருளற்ற சொற்களும் சொற்கள்தான், கேள்வியில் தடை எழுதியிருந்தால் ஒழிய.

என்பிஆர் (nPr), என்சிஆர் (nCr) குழப்பமும் இதற்குள்ளேயே அடங்கும். தேர்ந்தெடுத்தவற்றை அடுக்குவது முதலாவது, தேர்ந்தெடுப்பதோடு நிறுத்துவது இரண்டாவது, நடுவில் இருப்பது ஒரு வகுத்தல். இதற்கு நான் வகுப்பில் சொல்லும் உதாரணம் மேளகர்த்தா, அதாவது கர்நாடக இசையில் ஏழு ஸ்வரமும் கொண்ட தாய் ராகங்களின் பட்டியல். ஸட்ஜத்துக்கும் சுத்த மத்திமத்துக்கும் நடுவில் நான்கு ஸ்வரஸ்தானங்கள் (ஸ்வரங்கள் நிற்கும் இடங்கள்). அவற்றில் இரண்டை எடுக்க வேண்டும். முதலில் ஒன்று, பிறகு ஒன்று என்று எடுத்தால் 4×3 = 12. ஆனால் எந்த இரண்டை எடுத்தாலும் கீழே இருப்பது ரிஷபம், மேலே இருப்பது காந்தாரம், எதை முதலில் எடுத்தோம் என்பதற்கு அங்கே மதிப்பு கிடையாது. ஆகவே 12/2 = 6. பஞ்சமத்துக்கு மேலே தைவதம், நிஷாதத்துக்கும் அதே 6. மத்திமம் இரண்டு வகை. 6×6×2 = 72. 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி சதுர்தண்டி பிரகாசிகை என்ற இசை நூலில் வகுத்த 72 மேளங்களின் கணக்கு இவ்வளவுதான். மார்கழி சபாக்களில் ‘எழுபத்திரண்டு’ என்பதைக் கேட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் என்சிஆர் பிறகு மறப்பதில்லை.

இதுவரை சொன்னதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பாடப்புத்தகங்கள் அதை உரக்கச் சொல்வதில்லை. மந்தையில் ஆடுகளை எண்ணக் கால்களை எண்ணி நான்கால் வகுக்கலாம். நடுவில் நான்கு கோழி நுழைந்துவிட்டால் அந்தக் கணக்கு கெட்டுப்போகும். வகுத்தல் செல்லுபடியாக வேண்டுமானால் ஒவ்வொன்றையும் *சமமான* தடவை எண்ணியிருக்க வேண்டும். ஒன்றை ஆறு தடவை, இன்னொன்றை இரண்டு தடவை என்று எண்ணியிருந்தால் வகுக்கக் கூடாது.

உங்கள் மகள் சோதித்துப் பார்க்க ஒரு கணக்கு. மூன்று சிவப்பு மணி, மூன்று வெள்ளை மணி, மாலையாகக் கோக்க வேண்டும். நூலில் நேர்கோடாகக் கோத்தால் 720/(6×6) = 20 விதம். சரி, மாலை என்றால் 12ஆல் வகுப்போம் என்று கை போனால் 20/12, முழு எண்ணே வராது. உண்மையான விடை 3. மூன்று சிவப்பும் ஒன்றாக, மூன்று வெள்ளையும் ஒன்றாக இருப்பது ஒன்று. சிவப்பு, வெள்ளை மாறி மாறி வருவது இன்னொன்று. இரண்டு சிவப்பு, ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு, இரண்டு வெள்ளை என்று வருவது மூன்றாவது. மாறி மாறி வரும் மாலையை எப்படிச் சுழற்றினாலும் திருப்பினாலும் நேர்கோட்டில் இரண்டு வடிவங்கள்தான் கிடைக்கும். முதல் மாலை 6 வடிவங்களாகவும் மூன்றாவது 12 வடிவங்களாகவும் விரியும். 2+6+12 = 20, கணக்கு நேராகிறது. குழுக்கள் சமமில்லை, அதனால்தான் வகுத்தல் தோற்றது.

இப்படிப்பட்ட இடங்களுக்கென்று ஒரு வழி உண்டு, பர்ன்சைடு என்ற கணித அறிஞர் பெயரால் வழங்குவது. அவருக்கு முன்பே ஃப்ரோபெனியஸ் என்ற இன்னொரு கணித அறிஞர் சொன்னதுதான். 12 அசைவுகளில் ஒவ்வொன்றும் அந்த 20இல் எத்தனையை மாறாமல் விடுகிறது என்று பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். அசைக்காமல் விட்டால் 20. இரண்டு மணி தூரம் இப்படியோ அப்படியோ சுழற்றினால் தலா 2. எதிரெதிர் மணிகள் வழியாகச் செல்லும் மூன்று அச்சுகளில் திருப்பினால் தலா 4. மற்றவை பூஜ்யம். 20+4+12 = 36, 36/12 = 3. இது ஏன் எப்போதும் பலிக்கும் என்பதற்கு நிரூபணம் கல்லூரிப் பாடத்தில்தான் வரும். பிளஸ் ஒன்னில் இது வேண்டாம், இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

சமமில்லாத குழுக்களால் வரும் பிசகை இசைக் கட்டுரைகளிலும் பார்க்கலாம். ஜன்ய ராகங்கள், அதாவது மேளங்களிலிருந்து பிறக்கும் ராகங்கள், 34,776 என்று ஓர் எண் அடிக்கடி வரும். அது வரும் வழி இதுதான். ஸட்ஜம் நீங்கலான ஆறு ஸ்வரங்களில் எதையும் விடாமல், ஒன்றை விட்டு, இரண்டை விட்டு என ஆரோகணம் (ஏறுவரிசை) 1+6+15 = 22 வகை. அவரோகணமும் (இறங்குவரிசை) 22. 22×22 = 484, அதில் இரண்டும் முழுமையாக இருப்பது மேளமே என்பதால் 483. அதை 72ஆல் பெருக்கினால் 34,776. பெருக்கலில் தவறில்லை. ஆனால் மோகன ராகத்தில் மத்திமமும் நிஷாதமும் கிடையாது. ஹரிகாம்போஜி மேளத்தின் ஜன்யம் என்பது மரபு. வெறும் ஸ்வர வரிசையாகப் பார்த்தால் சங்கராபரணம், வாசஸ்பதி, கல்யாணி என்ற மற்ற மேளங்களில் எதிலிருந்து அந்த இரண்டை எடுத்துவிட்டாலும் அதே வரிசைதான். ஆக அது 34,776க்குள் நான்கு முறை உட்கார்ந்திருக்கிறது. ஆரோகணம் ஏழு ஸ்வரமும் கொண்ட ஜன்யம் ஒரே மேளத்தில்தான் வரும், அதனால் ஒரு முறைதான். நான்கால் வகுக்கவும் முடியாது, அப்படியே விடவும் முடியாது. ராகம் என்பது ஸ்வர வரிசை மட்டும்தானா என்ற விவாதத்தை ரசிகர்களிடம் விட்டுவிடுகிறேன்.

சென்னைக்காரர்கள் இந்த இடத்தில் கணித மேதை ராமானுஜனை நினைக்காமல் போக முடியாது. 4 என்ற எண்ணைக் கூட்டலாகப் பிரித்து எழுதுங்கள். வரிசையும் முக்கியம், அதாவது 3+1 வேறு, 1+3 வேறு என்றால் 8 விதம். எந்த எண்ணுக்கும் இதற்கு எளிய விடை உண்டு: 2ஐ அந்த எண்ணுக்கு ஒன்று குறைவான தடவை பெருக்குங்கள், முடிந்தது. வரிசை முக்கியமில்லை என்றால் 5 விதம்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. எட்டு எப்படி ஐந்தாகிறது? இவை முறையே 1, 2, 1, 3, 1 முறை எண்ணப்பட்டிருக்கின்றன. சமமில்லை, வகுக்க வழியில்லை. ‘வரிசை முக்கியமில்லை’ என்றால் கணக்கு எளிதாகிவிடும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள், இங்கே நேர்மாறு. சென்னைத் துறைமுகத்தில் 1912இல் எழுத்தராக வேலைக்குச் சேர்ந்த ராமானுஜன், இங்கிலாந்து போனபின் 1918இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டியோடு சேர்ந்து இந்த எண்ணிக்கையை மிக நெருக்கமாகத் தரும் சூத்திரத்தை வெளியிட்டார். 200ஐப் பிரிக்கும் விதங்கள் 39,72,99,90,29,388 என்று மக்மஹோன் என்ற கணித அறிஞர் கையாலேயே கணக்கிட்டு வைத்திருந்தார், சூத்திரம் அதோடு பொருந்தியது.

இதுவரை உறுதியானவை. இனி நான் உறுதி சொல்ல முடியாத பகுதி, அது கேள்வியின் வாசகம். ஆறு பேரில் மூன்று பேர் பரம விரோதிகள். “மூவரும் ஒன்றாக வராமல் எத்தனை விதமாக நிறுத்தலாம்?” என்று கேட்டால் என்ன பொருள்? மூவரும் சேர்ந்தாற்போல நிற்கக் கூடாது, இருவர் சேர்ந்தால் பரவாயில்லை என்றால், மூவரையும் ஒரே ஆளாகக் கட்டி (4×3×2×1) × (3×2×1) = 144 என்று கண்டு 720இலிருந்து கழிக்க வேண்டும், விடை 576. அந்த மூவரில் எந்த இருவரும் அடுத்தடுத்து நிற்கக் கூடாது என்றால், மற்ற மூவரை நிறுத்திவிட்டு அவர்களால் உண்டாகும் நான்கு இடைவெளிகளில் இவர்களை வைக்க வேண்டும், 6 × 4×3×2 = 144. ஒரே வாக்கியம், 576 அல்லது 144. கேள்வி எழுதியவர் மனத்தில் எது இருந்தது என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது. என் வாசிப்பில் ‘மூவரும்’ என்றால் முதல் பொருள், ‘எந்த இருவரும்’ என்றால் இரண்டாவது. ஆனால் இது பழக்கத்தால் வந்த ஊகம்.

நான்கு இலக்கக் கணக்குகளும் இப்படித்தான். இலக்கம் திரும்ப வராத நான்கு இலக்க *எண்* என்றால் 0 முதலில் வர முடியாது, 9×9×8×7 = 4,536. அதே நிபந்தனையோடு ஓடிபி என்றால் 0 முதலில் வரலாம், 10×9×8×7 = 5,040. மாலைக் கணக்கில் மணி மாலையைத் திருப்பலாம் என்றும், மேசைக் கணக்கில் நாற்காலிக்கு அடையாளம் இல்லை என்றும் பாடப்புத்தகங்கள் சொல்லாமலே எடுத்துக்கொள்கின்றன. தேர்வில் அந்த வழக்கப்படியே எழுதச் சொல்லுங்கள், ஃபேனையும் பிள்ளையாரையும் அங்கே கொண்டுபோக வேண்டாம். வாசகம் இரண்டு பொருள் தந்தால் “இதை இப்படி எடுத்துக்கொள்கிறேன்” என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கணக்கைப் போடட்டும். எல்லா நேரமும் மதிப்பெண் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன், ஒரு மதிப்பெண் கேள்விகளில் அந்த வரிக்கு இடமே கிடையாது. விரிவான விடைகளில் திருத்துபவருக்கு அவள் எப்படி யோசித்தாள் என்பதாவது தெரியும்.

வீட்டில் செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். எந்தச் சூத்திரத்தையும் நம்பும் முன் மூன்று பொருளுக்குப் போட்டு, எல்லாவற்றையும் எழுதி எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மணி வரிசையில் 6, வட்டத்தில் 2, மாலையில் 1, சூத்திரமும் அதையே தரும். பிறகு இரண்டு மணிக்குப் போடச் சொல்லுங்கள். மாலைச் சூத்திரம் 2/4, அதாவது அரை மாலை என்று சொல்லும். இரண்டு மணி மாலையைத் திருப்பினால் சுழற்றியதற்கு மேல் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. நாம் எண்ணியதே இரண்டு முறைதான், நான்கால் வகுத்துவிட்டோம். இதை நீங்கள் சொல்லாமல் அவளே கண்டுபிடித்தால், அடுத்த கணக்கில் எதால் வகுப்பது என்று உங்களைக் கேட்க வர மாட்டாள்.